வீட்டில் ஒரு பாஷை போதும்

என் மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தபோது அவளுக்கு ஏழெட்டுச் சொற்கள்தான் வரும். அம்மா, அப்பா, பூ, வா, காக்கா என்பாள். இல்லை என்பதை 'இய்யே' என்பாள். எல்லாம் தமிழ்.

அவள் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். பிறந்த இரண்டாம் நாள் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து அதைச் சொன்னார். இதயத்தில் ஓட்டையும் இருந்தது. பதினோராவது மாதம் ஆபரேஷன் நடந்தது. முதல் இரண்டு வருஷம் குழந்தை உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் இருந்தோம். பேச்சைப் பற்றியெல்லாம் யார் நினைத்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள் என்று நிச்சயமான பிறகுதான் மற்றக் கவலைகள் ஒவ்வொன்றாக வந்தன.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண். கல்யாணமாகித் திருவனந்தபுரத்தில் வலியசாலைக்கு வந்தேன். என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டுக்குள் தமிழ், தெருமுனை தாண்டினால் மலையாளம் என்று அவருக்கு இரண்டும் ஒரே மூச்சில் வரும். எனக்கு வரவில்லை. எங்கள் தெருவுக்குள் தமிழை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம். ஆறு வருஷம் ஆகியும் என் மலையாளம் பஸ் கண்டக்டரிடம் இறங்குமிடம் சொல்லும் அளவில்தான் இருந்தது.

குழந்தையைச் சேர்த்த மையத்தை ஒரு டிரஸ்ட் நடத்தியது. நகரத்தின் மறு கோடியில் ஒரு வாடகை வீடு. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் காலையில் பயிற்சி, சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அந்த இடத்தைப் பற்றி நான் குறை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். துவண்டு விழும் குழந்தையை எப்படி நிமிர்த்தி உட்கார வைப்பது, வெளியே தள்ளிய நாக்கை உள்ளே வைத்துக்கொள்ள எப்படிப் பழக்குவது, ஸ்ட்ராவில் உறிஞ்ச வைத்து உதட்டுக்கு எப்படி வலு கொடுப்பது எல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டேன். என் மகள் முதலில் படியேறியது அந்த வீட்டு வாசலில்தான். மூன்றே படி. அதற்கு ஒரு வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அங்கே இருந்த அம்மாக்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருடைய குழந்தைகள் அப்போது இன்னும் ஏறியிருக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுத்த டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். குழந்தைகள் முகத்தில் துப்பினாலும் துடைத்துக்கொண்டு அடுத்த படத்தைக் காட்டுகிறவர். முதல் நாள் எங்களிடம், வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றோம். வெளியே மலையாளம். அப்பா நடுநடுவே இங்கிலீஷும் பேசுவார் என்று நானே சேர்த்துச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதாணு ப்ரச்னம். குட்டிக்கு கன்ஃப்யூஷனாணு," என்றார். மற்றக் குழந்தைகள் இரண்டு மூன்று பாஷையைச் சமாளித்துவிடும், இந்தக் குழந்தைகளால் முடியாது, எல்லாம் சேர்ந்து குழம்பிக் கடைசியில் ஒன்றுமே வராமல் போகும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். பிறகு என் கையைத் தொட்டு, "வீட்டில் ஒரு பாஷ மதி. மலயாளம் மதி," என்றார்.

மதி என்றால் போதும். அந்தச் சொல் எனக்குத் தெரியும். சாப்பாட்டுப் பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டி மதி, மதி என்பார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கணவரிடம் சொன்னேன். "எனக்கு மலையாளம் பேச வராதே."

"வரும். பேசப் பேச வரும்," என்றார். "டீச்சர் சொல்றது சரிதானே. ஸ்கூல், ஆஸ்பத்திரி, சர்டிபிகேட் எல்லாம் இங்க மலையாளம்தான். நம்ம காலத்துக்கு அப்புறமும் இவ இங்கதானே இருக்கணும்?"

"இருந்தாலும் பெத்தவ பேசற பாஷையைக் கூடவா..."

"கொழந்தைக்காக இது கூடப் பண்ண மாட்டியா நீ?"



மறுநாளிலிருந்து அவர் 'அச்சன்' ஆனார். ஜலம் 'வெள்ளம்' ஆயிற்று. எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் ஆற்றில் கரை புரண்டு வருவது. அதை டம்ளரில் ஊற்றி நீட்டி, "வெள்ளம் வேணோ?" என்று கேட்கும்போதெல்லாம் நான் ஏதோ நாடகத்தில் வேஷம் போட்டிருப்பது போலிருக்கும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது வேறு. எனக்கு மலையாளத்தில் கொஞ்சத் தெரியாது. தங்கமே, பட்டுக்குட்டி, என் ராஜாத்தி என்று வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன். மடியில் போட்டுத் தூங்க வைக்கும்போது பாட்டில் வார்த்தை வந்துவிடக் கூடாதே என்று வெறும் ராகமாக முனகுவேன். திட்டவும் தெரியாது. குழந்தையைத் திட்ட முடியாத அம்மா என்ன அம்மா.

நான் தப்பும் தவறுமாகச் சொன்ன சொற்களை அவள் அப்படியே பிடித்துக்கொண்டு போய் மையத்தில் சொல்வாள். அம்மா உச்சரிப்பைக் கவனிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வரும். இரண்டு மூன்று தடவை அப்படி வந்த பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டேன். வா, உட்கார், சாப்பிடு, தூங்கு, அங்கே போகாதே. இதற்கான மலையாளச் சொற்கள் ஒரு பதினைந்து இருபது இருக்கும். அவற்றைத் தப்பில்லாமல் சொல்வேன். என் மகளோடு நான் பேசியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அவளுக்குப் பேச்சு வந்தது அவள் அப்பாவிடமிருந்து. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீசிலிருந்து அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள். "அச்சா, ஒரு கார்யம் பறயட்டே?" அச்சா, ஒன்று சொல்லட்டுமா என்று தினமும் அனுமதி கேட்பாள். அவர், "பற மோளே," என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மூன்று சொல், நான்கு சொல் உள்ள வாக்கியங்கள். மையத்தில் யார் அழுதார்கள், யார் யாரைக் கிள்ளினார்கள், எங்கே வலிக்கிறது, எதைக் கண்டு பயந்தாள். நான் அடுக்களையில் காப்பி கலந்துகொண்டே கேட்பேன். வேகமாகப் பேசும்போது பாதி புரியாது. குழந்தை பேசுகிறாளே என்று சந்தோஷப்பட்டேன், நிஜமாகவே. பொறாமையும் பட்டேன். அதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் தமிழ் முழுக்கப் போய்விடவும் இல்லை. நானும் அவரும் சண்டை போடும்போது அது வந்துவிடும். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நானும் வேண்டாம் என்று அவரும் நாலைந்து வருஷம் சண்டை போட்டோம். குழந்தை காதில் தமிழ் விழக் கூடாது என்பதால் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, குரலை அடக்கிக்கொண்டு. வெளியே அவள் நின்று கதவைத் தட்டுவாள். திறந்தால் இருவரும் மலையாளத்துக்கு மாறிவிடுவோம். என் முகம் அழுத முகமாக இருக்கும்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் எனக்குப் பழக்கமானவள் ஒருத்தி. வள்ளியூர்ப் பக்கம். அவள் கணவர் சாலை பஜாரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தார். அவளுடைய மகனும் என் மகளும் ஒரே வயது, ஒரே டீச்சர். அவளுக்கும் அதே அறிவுரைதான் கொடுத்திருந்தார்கள். குழந்தைகளுக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு நாள் கேட்டேன்.

"நீ வீட்ல மலையாளமா பேசறே அவன்கிட்ட?"

"எனக்கு அது எங்க மாமி வரும்?" என்று சிரித்தாள். "டீச்சர் சொல்லுததுக்கு எல்லாம் தலைய ஆட்டிக்கிடுவேன். வீட்டுக்குப் போனா எப்பவும் போலதான் அவன வையுவேன். அவனும் என்னைய வையுதான்."

அவன் நாக்கு தடித்துத்தான் இருந்தது. பாதிச் சொல் சிதையும். ஆனால் என்னைப் பார்த்து, "மாமி, சாப்ட்டியளா?" என்று கேட்டுவிட்டு டீச்சர் பக்கம் திரும்பி மலையாளத்தில் பசிக்கிறது என்றான். அவன் கொஞ்சம் கெட்டிக்காரக் குழந்தை, ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பி.எஸ்சி. படித்தவள். டாக்டர் சொன்னதையும் டீச்சர் சொன்னதையும் ஒரு எழுத்து மாறாமல் செய்கிறவள். அவள் அப்படியில்லை என்று அவளைப் பற்றி மட்டமாகக்கூட நினைத்திருக்கிறேன்.

என் மகளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது என் கணவர் ஒரு மத்தியானம் ஆபீசில் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். "அவளுக்கு என்ன தெரியும், பாவம். கொழந்தை பாத்து மெரண்டுடப் போறா," என்று சொல்லி அவளை நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வேண்டாம், அவள் பார்க்கட்டும் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள் திரும்பி வந்தபோது அவர் இல்லை. பதிமூன்று நாளும் வீடு முழுக்கத் தமிழ். அவள் பிறந்ததிலிருந்து அத்தனை தமிழ் அவள் காதில் விழுந்ததில்லை. ஒருத்தர் ஆரம்பித்தால் நாலு பேர் கூடச் சேர்ந்து அழுவார்கள். அவள் பின்கட்டில் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். பழைய டீச்சர், அப்போது ரிடையர் ஆகியிருந்தவர், ஒரு நாள் வந்து அவள் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

எல்லோரும் கிளம்பிய மறுநாள் அவள் என்னிடம் அப்பா எங்கே என்று கேட்டாள். "அச்சன் எவிடே?"

"போயி," என்றேன்.

தமிழில் போய்விட்டார் என்றால் இழவு வீட்டில் யாருக்கும் புரியும். அவளுக்குப் போயி என்றால் ஆபீஸ் போவது, கடைக்குப் போவது. "எப்போ வரும்?" என்றாள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மரிச்சு என்ற சொல் எனக்குத் தெரியும். பேப்பரில் பார்த்திருக்கிறேன், சுவர் போஸ்டரில் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லை அவர்மேல் வைக்க எனக்கு நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாளைக்கும் தள்ளினேன்.

ஒரு மாதம் கழித்து மையத்துக்குப் போய், இதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். புதிதாக வந்த டீச்சர் முப்பது வயதுக்குள் இருப்பாள். கவனமாகக் கேட்டாள். நேரடியாகச் சொல்லுங்கள், சுற்றி வளைக்காதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்றாள். "அம்ம சொந்தம் பாஷயில் பறயூ," என்றும் சொன்னாள். உங்கள் சொந்த பாஷையில் சொல்லுங்கள்.

"அவளுக்கு என் பாஷை தெரியாது," என்றேன் என் மலையாளத்தில்.

அவளுக்குப் புரியவில்லை. "அதெந்தா?" என்றாள். அது ஏன்?

"பேசக் கூடாதென்று இங்கேதான் சொன்னார்கள்."

அவள் ஃபைலை எடுத்துப் பின்னாலிருந்து புரட்டினாள். பழைய டீச்சரின் கையெழுத்தில் அது இருந்தது. முன்னெல்லாம் அப்படிச் சொல்வது வழக்கமாக இருந்தது, இப்போது யாரும் சொல்வதில்லை என்றாள். இரண்டு பாஷை கேட்பதால் இந்தக் குழந்தைகளுக்குக் கெடுதல் எதுவும் இல்லையாம். அம்மாவுக்கு எது சரளமாக வருமோ அதில் பேசுவதுதான் நல்லதாம். எவ்வளவு அதிகம் பேசுகிறோமோ அவ்வளவு நல்லதாம். "ஸாரி அம்மா," என்றாள். அவள் எதற்கு ஸாரி சொல்ல வேண்டும். எனக்கு அந்த அறிவுரை கொடுத்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாள். வெளியே அடுத்த குழந்தை காத்திருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு நிற்காமல் மூன்று ஸ்டாப் நடந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பழைய டீச்சர் மனசறிந்து கெடுதல் செய்யவில்லை. என் கணவர் போய்விட்டார். வள்ளியூர்க்காரி மாதிரி நானும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து என் பாட்டுக்குப் பேசியிருக்கலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள். பதிமூன்று வருஷம். பேச வேண்டிய வயதெல்லாம் அதற்குள் முடிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை வள்ளியூர்க்காரியிடம்தான் சொல்லி அழுதேன். "அத விடுங்க மாமி," என்றாள். "போனது போட்டும். இப்பப் பேசுங்க. கேட்டுக்கிட்டே இருந்தா புடிச்சிக்கிடுவா."

பேசினேன். மறுநாள் காலையில் தலை பின்னிவிடும்போது, "கண்ணா, வலிக்கறதா? மெதுவா வாரட்டுமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அவள் முழுக்கத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கையால் என் கன்னத்தைத் துடைத்தாள். கன்னத்தில் ஒன்றுமில்லை.

"கரயண்டா அம்மே," என்றாள். அழாதே அம்மா.

நான் அழவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். இன்னொரு தடவை தமிழில் ஏதோ சொன்னேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "வேண்டா. அது வேண்டா. கரயண்டா."

அதற்குப் பிறகு எத்தனையோ விதமாக முயன்று பார்த்தேன். சாப்பாடு ஊட்டிக்கொண்டு, அவளுக்குப் பிடித்த வளையலைக் கையில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கைதட்டிக்கொண்டு. நான் தமிழில் வாயைத் திறந்தால் நான் அழுவதாகத்தான் அவள் நினைக்கிறாள். கதவுக்குப் பின்னால் கேட்டது, பதிமூன்று நாள் கேட்டது, இவை தவிர மூன்று வயதுக்கு அப்புறம் வீட்டுக்குள் என் வாயிலிருந்து அந்தச் சத்தத்தை அவள் வேறெப்போது கேட்டாள். ஒரு வருஷம் போல முயன்றுவிட்டு நிறுத்திவிட்டேன். அவளைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது.

பதினெட்டு முடிந்ததும் மையத்தில் இடமில்லை என்றார்கள். பெரியவர்களுக்கென்று கவர் ஒட்டவும் மெழுகுவர்த்தி செய்யவும் கற்றுக்கொடுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. அதில் பன்னிரண்டு பேர்தான் உட்காரலாம். பெயரைப் பதிவு செய்திருக்கிறேன். யாராவது விட்டுப் போனால் கூப்பிடுவார்கள். யாரும் விட்டுப் போவதில்லை. போவதற்கு அவர்களுக்கு வேறு இடம் ஏது.

போன ஐப்பசியில், மத்தியானம் இடி இடித்துச் சாயங்காலம் மழை பெய்துகொண்டிருந்த நாட்களில், அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் வேண்டா என்பாள். நாலைந்து நாள் கழித்து உடம்பு கொதித்தது. தலையணை உறையில் மஞ்சளாகக் கறை. இடது காதிலிருந்து சீழ் வடிந்து காய்ந்திருந்தது. காது டாக்டரிடம் ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காதின் ஜவ்வு ஓட்டையாகிவிட்டது, இந்தக் காது ஏறக்குறையக் கேட்காது, மற்றதும் சுமார்தான் என்றார். இது இன்று நேற்று வந்ததில்லை என்றார். பிறகு அவளிடமே கேட்டார். "எத்ர திவசமாயி மோளே வேதன?" எத்தனை நாளாக வலி?

"குறே," என்றாள். நிறைய நாளாக.

"அம்மயோடு பறஞ்ஞில்லே?"

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதும் அவள் என்னைப் பார்த்தாள், தப்புச் செய்துவிட்டது போல. பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "அச்சன் வரும்போ பறயாம்னு வெச்சு."

அச்சன் வரும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம்.

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே, "அச்சன் எவிடெயா? கல்ஃபிலாணோ?" என்று, வளைகுடாவில் வேலையோ என்று, என்னிடம் கேட்டார்.

இல்லை, இறந்து மூன்று வருஷமாகிறது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் உட்கார வைத்தேன். நானும் எதிரே உட்கார்ந்தேன். நல்ல காதுப் பக்கம் குனிந்து, எனக்குத் தெரிந்த மலையாளத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "அச்சன் மரிச்சு. மூணு வருஷமாயி. இனி வரில்லா." அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன், அந்தச் சின்ன டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி.

அவள் கவனமாகக் கேட்டாள். யோசித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

"ஓணத்தினு வருமோ?" என்றாள். ஓணத்துக்கு வருவாரா?

காதில் சீழ் வைத்ததைப் போல இந்த மூன்று வருஷத்தில் அவள் இன்னும் என்னென்ன சேர்த்து வைத்திருக்கிறாளோ எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்கிறாள்.

காதுக்குச் சொட்டு மருந்து இன்னும் நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு தடவை. அவள் என் மடியில் தலை வைத்து, நல்ல காது கீழே அமுங்க, ஒருக்களித்துப் படுப்பாள். மருந்து உள்ளே இறங்க ஐந்து நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டும். நான் அப்போது பேசுகிறேன். கீரை முற்றலாகக் கொடுத்துவிட்டான், எதிர்வீட்டு மாமி ஊரிலிருந்து வந்துவிட்டாள், உனக்கு நாளைக்கு என்னடி பண்ணட்டும் தங்கம், என்று எதையாவது. மேலே இருக்கிற காதில் அது விழாது. அதனால் அவள் தடுப்பதில்லை. என் புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டு சும்மா படுத்திருப்பாள். ஐந்து நிமிஷம் ஆனதும் பஞ்சை வைத்து எழுப்பிவிடுவேன்.